யாருக்கு யார் அத்தான்

நரின் என்ற கிர்கிஸ் ஊரில் பாலத்தை ஒட்டி இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு கவுண்டர்கள். ஒன்றில் ராயிசா உட்கார்ந்திருப்பாள். அறுபதை நெருங்கும் ரஷ்யப் பெண்மணி. வாயைத் திறந்தால் மொத்தத் தொகையை மட்டும்தான் சொல்வாள். இன்னொன்றில் குந்துஸ். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ராயிசாவின் முன்னால் ஒருவர்கூட இல்லாத நேரத்திலும் குந்துஸின் முன்னால் ஏழெட்டுப் பேர் கூடையோடு நிற்பார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பில் போடுகிற வேலையில் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. பொருளை எடுக்க வேண்டும், கோடுகள் அச்சடித்த பக்கத்தைக் கண்ணாடிக்குக் காட்ட வேண்டும், 'பீப்' என்றதும் தள்ளிவிட வேண்டும். ஒரு மாதம் பழகிவிட்டால் கை தானாகவே ஓடும். அப்புறம் நாள் முழுக்க வாய்தான் சும்மா இருக்கிறது. அதோடு அந்த ரப்பர் பெல்ட் ஒன்று இருக்கிறதே, அது பொல்லாதது. வீட்டில் அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் இருக்க வேண்டியதையெல்லாம் வரிசையாகப் பரப்பி, மெல்ல நகர்த்திக் கொண்டுபோய் ஓர் அந்நியப் பெண்ணின் மூக்குக்கு முன்னால் நிறுத்துகிறது. பெரும்பாலான பெண்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கப் பழகிக்கொள்வார்கள். குந்துஸ் பழகவில்லை.

ஒருவன் வோட்காவும் குழந்தைக்கு டயப்பரும் வாங்கினால், "அண்ணே, ரெண்டும் இன்னிக்கு ராத்திரிக்கா? எது யாருக்குன்னு மறந்துடாதீங்க" என்பாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கேக் வாங்கியபோது, "டீச்சர், டயட்டுன்னு சொன்னீங்களே, அது எந்த வருஷத்துக்கு?" என்று கேட்டாள். ஒருமுறை, கர்ப்பமா என்று பார்க்கிற அட்டையைத் துண்டுக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்த சின்னப் பெண்ணிடம், "நல்ல சேதின்னா எனக்குத்தான் முதல்ல சொல்லணும், ஆமா" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். அந்தப் பெண் முகம் சிவந்து, சாமானை அப்படியே போட்டுவிட்டுப் போனவள்தான், பிறகு அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்தார். ஆனாலும் வரிசை அவள் பக்கமே நீண்டது. அடுத்தவன் கூடையைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே நம் கூடையையும் அவளிடம் காட்டச் சம்மதிக்கிறோம், கணக்கு அவ்வளவுதான்.

ஜிபெக்குக்கு இதிலெல்லாம் கவலை இல்லை. அவள் பாலிகிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுகிற வேலை. நாற்பத்து மூன்று வயது. சாமான் வாங்க எப்போதும் ராயிசாவிடம்தான் போவாள். அவள் கவலையெல்லாம் அவள் புருஷன் எர்மெக்கைப் பற்றியது.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து கடைக்குப் போனார்கள். ஜிபெக் வழக்கம்போல ராயிசாவின் பக்கம் வண்டியைத் திருப்பினாள். எர்மெக் அதன் முனையைப் பிடித்து மெல்ல குந்துஸின் பக்கம் இழுத்தான்.

"அங்க ஆளே இல்லையே, ஆதிலெத் அப்பா?" என்றாள்.

"இது சீக்கிரம் நகரும்" என்றான் அவன். முன்னால் ஆறு பேர் இருந்தார்கள்.

அவர்கள் முறை வந்ததும் குந்துஸ் நிமிர்ந்து பார்த்தாள். புருவம் இரண்டும் மேலே போயின.

"வாங்க அத்தான்! இன்னிக்கு மேலிடத்தோட வந்திருக்கீங்க. அதான் ஆளு பாதியா சுருங்கிட்டீங்க."

எர்மெக் சிரித்தான்.

சிரிப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உண்மையில் அது பல வகை. எர்மெக்கிடம் உதடு மட்டும் விரிகிற சிரிப்பு ஒன்று உண்டு. அது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு. மூக்கால் காற்றை விடுகிற சிரிப்பு ஒன்று, அது தொலைக்காட்சிக்கு. இப்போது வந்தது வேறு. வயிற்றில் கிளம்பி, தோள் குலுங்கி, கடைசியில் ஒரு கனைப்போடு முடிகிற சிரிப்பு. ஜிபெக் அதைக் கடைசியாகக் கேட்டது மகன் ஆதிலெத்துக்குப் பால்பல் விழுந்த காலத்தில். இப்போது அவன் பிஷ்கெக்கில் காலேஜ் படிக்கிறான்.

குந்துஸின் கை ஓடிக்கொண்டே இருந்தது. பூண்டு ஊறுகாய் பாட்டிலை எடுத்தவள், அதைக் கண்ணாடியில் காட்டாமல் நிறுத்தினாள்.

"அக்கா, இது அத்தானுக்கு ஆகாதே. செவ்வாக்கிழமைதான் நெஞ்செரிச்சல் மாத்திரை ரெண்டு அட்டை வாங்கிட்டுப் போனாரு. நீங்க ஆஸ்பத்திரியில வேலை பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததா!"

ஜிபெக்குக்குத் தெரியாது. நெஞ்செரிச்சல் என்ற சொல்லே அவர்கள் வீட்டில் பேசப்பட்டதில்லை.

"போடும்மா, நான் சாப்பிடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே நிலக்கரிப் புகை தெருவோடு படிந்திருந்தது. ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாப்ளர் மரங்கள் முடியும்வரை ஜிபெக் பொறுத்திருந்தாள்.

"நெஞ்செரிச்சலா?"

"இப்ப இல்ல."

"எங்கிட்ட சொல்லல."

"நீ கேக்கல."

"அவ கேட்டாளாக்கும்."

"அவளும் கேக்கல. மாத்திரையைப் பாத்தா."

"அத்தானாம் அத்தான். எந்த உறவுல?"

எர்மெக் பையைக் கை மாற்றிக்கொண்டான். "உங்க செரிக் கூட்டம்தானாம் அவளும். அத்-பாஷிப் பக்கம். உன் பேரைச் சொன்னதும், அப்ப நீங்க எனக்கு அத்தான்னு பிடிச்சுக்கிட்டா. உனக்குத் தங்கச்சி முறை."

"உங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்போல."

"கொழுந்தியா இல்லாத வீட்டுல பொண்ணு எடுத்தவன் நான். இருபது வருஷம் கழிச்சு ஒண்ணு கிடைச்சிருக்கு. அது பொறுக்கலையா உனக்கு?"

பொறுக்கவில்லைதான். ஆனால் அதைச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிர்கிஸ் மக்களிடம் அத்தானுக்கும் கொழுந்தியாளுக்கும் நடுவே இருக்கிற கேலி, யாரோ இரண்டு பேர் விருப்பப்பட்டு அடிக்கிற கேலி இல்லை. அது ஓர் உரிமை. கல்யாணத்தன்று கொழுந்தியாள் தன் அக்கா புருஷனின் பூட்ஸை ஒளித்து வைப்பாள், காதைத் திருகுவாள், பரிசு கேட்டு வழியை மறிப்பாள். அவன் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிறகு ஆயுசுக்கும் அவள் என்ன சொன்னாலும் அவன் சிரிக்க வேண்டும். பெண்டாட்டிக்காரியும் சேர்ந்து சிரிக்க வேண்டும். அந்தக் கேலிக்குக் கோபப்படுகிறவள் அற்பமானவள் என்று ஊரே பேசும். உடன்பிறந்த தங்கைதான் வேண்டும் என்பதில்லை. பெண்டாட்டியின் கூட்டத்தில் அவளுக்கு இளையவளாகப் பிறந்த எவளும் இந்த உரிமையைக் கையில் எடுக்கலாம். ஜிபெக்குக்கு அண்ணன்மார் மட்டும்தான். அதனால் எர்மெக்கின் பூட்ஸை ஒளிக்க ஆளில்லாமல் அவர்கள் கல்யாணம் நடந்து முடிந்தது. காலியாகக் கிடந்த அந்த இடத்தில்தான் குந்துஸ் வந்து உட்கார்ந்துகொண்டாள், தன் சுழலும் நாற்காலியோடு.

ஆக, மேனேஜரிடம் புகார் சொல்ல முடியாது. 'கொழுந்தியா கேலி பண்ணினாளாம், இவ புகார் குடுத்தாளாம்' என்று பாலிகிளினிக்கில் சிரிப்பார்கள். புருஷனிடம் சண்டை போடவும் முடியாது. ஜிபெக் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: கவனிப்பது. அதில் அவள் கெட்டிக்காரி.

எர்மெக் கடைக்குப் போகிற விதத்தைக் கவனித்தாள். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை அவள்தான் எல்லாவற்றையும் வாங்கி வருவாள். இப்போது அவன், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிற வேலை முடிந்து திரும்பும்போது, தினமும் ஏதோ ஒன்றோடு வந்தான். ஒருநாள் ரொட்டி மட்டும். மறுநாள் தேயிலை மட்டும். அதற்கு மறுநாள் தீப்பெட்டி. தீப்பெட்டியை யாராவது தனியாகப் போய் வாங்குவார்களா? உடுப்பைக் கழற்றும்போது முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் அதுவும் ஆறிப்போகும். பிறகு போனை எடுத்துக்கொள்வான். அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான் ஊரிலேயே அதிகம் உறுமுகிற பெட்டி. மெக்கானிக் வீட்டில் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. இருவருக்கும் நடுவே அதுதான் பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு புதன்கிழமை பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், தேயிலை அடுக்கின் பின்னால் நின்றாள். நாற்பத்து மூன்று வயதில் இப்படி நிற்கிறோமே என்று அவளுக்கே அவமானமாக இருந்தது. இருந்தாலும் நின்றாள்.

எர்மெக் வந்தான். கையில் ஒரே ஒரு உப்புப் பொட்டலம்.

"அத்தான், நேத்து தீப்பெட்டி, இன்னிக்கு உப்பு. நாளைக்கு என்ன, தண்ணியா? வீட்டுல அடுப்பு மூட்டறது அக்காவா, இல்ல நீங்களே புகையறீங்களா?"

தோள் குலுங்கியது. கனைப்பும் வந்தது. "நீ என்னைப் பொழைக்க விட மாட்ட" என்றான் எர்மெக். அந்தக் குரலை ஜிபெக்கால் அடையாளம் காண முடியவில்லை. இளைய குரல். அதுதான் உள்ளே போய்க் குத்தியது. அவள் புருஷன் வேறொருத்தியைத் தொட்டிருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். துணிமணியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். இது தொட்டதே இல்லை. தன் வீட்டில் பல வருஷமாகக் கிடைக்காத ஒன்றை அவன் இங்கே உப்பு வாங்கி எடுத்துக்கொண்டு போகிறான். இதற்கு எங்கே போய் நியாயம் கேட்பது?

அவன் போனதும் கையில் கிடைத்த தேயிலையை எடுத்துக்கொண்டு குந்துஸின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா! அத்தான் இப்பத்தானே போனாரு. வழியில பாக்கலையா?"

"நீ யாரு பொண்ணு?" என்றாள் ஜிபெக். "அப்பன்மாரைச் சொல்லு."

ஏழு தலைமுறை அப்பன்மாரின் பெயரைச் சொல் என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். தெரியாதவன் வேரில்லாதவன். குந்துஸ் தேயிலையைக் கண்ணாடியில் காட்டியபடியே, பள்ளிக்கூட வாய்ப்பாடுபோல ஒப்பித்தாள்:

"துருஸ்பெக் பொண்ணு. துருஸ்பெக் மம்பெத் மகன். மம்பெத் சாரிகுல் மகன். சாரிகுல் தொக்தோ மகன். தொக்தோ கெஞ்செ மகன். கெஞ்செ போரோன்சு மகன். போரோன்சு ஆல்பான் மகன். போதுமா அக்கா, இன்னும் வேணுமா?"

போரோன்சு. பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க வந்த ஜிபெக்குக்கு, தன் சொந்த மூதாதையின் பெயரையே அவள் எடுத்து நீட்டிவிட்டாள். ஒரே ரத்தம்தான். உரிமை இருக்கிறது.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பாலத்தின் மேல் காற்று முகத்தில் அறைந்தது. தன்னையறியாமல் விரலை மடக்கிக்கொண்டே நடந்தாள்: காசிமாலி, இமனாலி, ஓஸ்மோன், துலேபெர்தி, சாத்தார், பைசால், போரோன்சு. ஏழாவது விரலில் போரோன்சு. பழக்க தோஷம், எண்ணியதை மறுபடி எண்ணிப் பார்ப்பாள். இந்தத் தடவை குந்துஸ் சொன்னதை எண்ணினாள். துருஸ்பெக், மம்பெத், சாரிகுல், தொக்தோ, கெஞ்செ, போரோன்சு.

பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். ஆறு.

கடையில் கோபத்தோடு கேட்டதால் பெயர் மட்டும் காதில் விழுந்தது. எத்தனையாவது பெயர் என்று பார்க்கவில்லை. அங்கேயே நின்று அத்-பாஷியில் இருக்கும் அண்ணன் சோரோனுக்குப் போன் போட்டாள்.

"துருஸ்பெக் மகளா?" என்றார் சோரோன். பின்னால் ஆடுகள் கத்தின. "அட, அவங்க கெஞ்செ வழி. போரோன்சு தாத்தாவுக்கு மூத்த பையன் நம்ம பைசால். கெஞ்செ கடைக்குட்டி, ரெண்டாவது பொண்டாட்டிக்குப் பொறந்தவன். அவன் தொட்டில்ல கிடக்கறப்ப பைசாலுக்குப் பேரனே ஓடியாடிட்டு இருந்தானாம். அங்கயிருந்தே அவங்க நமக்கு ஒரு படி மேல. என்ன விஷயம், கல்யாணமா?"

இது எப்படி நடக்கிறது என்றால், குதிரைப் பந்தயம் மாதிரி. மூத்தவன் வழியில் சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் பிள்ளை, தலைமுறைகள் ஓடிவிடும். கடைசிப் பிள்ளையின் வழி பின்னாலேயே மெதுவாக வரும். நூற்றைம்பது வருஷத்தில் ஒரு தலைமுறை, சில குடும்பங்களில் இரண்டு தலைமுறை வித்தியாசம் விழுந்துவிடும். வயதைப் பார்த்து முறை சொல்லக் கூடாது, அப்பன்மாரை எண்ணித்தான் சொல்ல வேண்டும் என்பது அதனால்தான். குந்துஸ் ஜிபெக்கின் முகத்தைப் பார்த்து அக்கா என்றாள். எண்ணவில்லை.

"கல்யாணம் இல்லண்ணே" என்றாள் ஜிபெக். "அப்ப அந்தப் பொண்ணு நமக்கு?"

"அப்பாவுக்குத் தங்கச்சி. நமக்கு அத்தை."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு?"

சோரோன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "மாமியார் முறை!"

சனிக்கிழமை அவளே எர்மெக்கைக் கடைக்குக் கிளப்பினாள். நல்ல சால்வை போட்டுக்கொண்டாள். வரிசையில் முன்னால் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், பின்னால் இரண்டு இளவட்டங்கள். கேட்க ஆளிருந்தது.

"வாங்க அத்தான்" என்று குந்துஸ் ஆரம்பித்தாள். "என்ன, இன்னிக்கும் காவலோட—"

"சௌக்கியமா அத்தை?" என்றாள் ஜிபெக்.

குந்துஸின் கை நின்றது. "என்னக்கா?"

"அக்கா இல்ல. போரோன்சுவுக்கு நீங்க ஆறாவது, நான் ஏழாவது. எண்ணிப் பாருங்க. எங்கப்பாவுக்கு நீங்க தங்கச்சி முறை. எனக்கு அத்தை." எர்மெக்கின் பக்கம் திரும்பினாள். "ஆதிலெத் அப்பா, நிக்கறீங்களே? உங்க மாமியார். குனிஞ்சு சலாம் வைங்க."

வெள்ளைத் தொப்பிப் பெரியவர் நின்று திரும்பினார். தாடியைத் தடவியபடி இரண்டு பக்க அப்பன்மாரையும் கேட்டார், உதட்டை அசைத்து எண்ணினார். "சரியாத்தான் இருக்கு. மாப்பிள்ளை, இத்தனை நாளா மாமியார் முன்னாடி பல்லைக் காட்டிட்டு நின்னியா? என்ன குடும்பம்பா!"

"மாமியாரே, சீக்கிரம் பில் போடுங்க, பஸ் போயிடும்" என்றான் பின்னால் நின்ற இளவட்டம். வரிசை மொத்தமும் சிரித்தது.

மாமியார் முன்னால் மருமகன் காலை நீட்டக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, கேலி என்ற பேச்சே கிடையாது. மாமியாரும் அப்படித்தான். எர்மெக்கின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. பிறகு நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான். குந்துஸின் காது சிவந்துவிட்டது. எதிரே பார்க்காமல் எல்லாவற்றையும் 'பீப்' அடித்து முடித்து, மொத்தத் தொகையை மட்டும் சொன்னாள். ராயிசாவைப் போலவே.

வீடு வரும்வரை ஜிபெக்கின் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் ஓடியது. எர்மெக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். வேலை முடிந்ததும் வெறுங்கையோடு வந்தான். முகத்தில் சிரிப்பின் மிச்சம் இல்லை, ஆறிப்போக எதுவுமில்லை. சாப்பிட்டான். போனை எடுத்தான். நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது என்று ஜிபெக் கேட்டாள். "பரவாயில்ல" என்றான். அவளுக்குத் தெரிந்த கேலி ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் விரிகிற சிரிப்பு கிடைத்தது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உரியது. அவள் முன்பு நினைத்தது இதுதான்: அங்கே அணை கட்டினால் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பும். திரும்பவில்லை. வற்றிவிட்டது.

பொறாமையின் வேலை முடிந்தால் அது போய்விடும் என்று நினைக்கிறோம். போவதில்லை. அது வேறு இடம் தேடிப் பிடிக்கிறது. இப்போது ஜிபெக் கண்ணாடி முன்னால் நின்று, குந்துஸின் வயது இருபத்தாறு, தோல் எப்படி மினுங்குகிறது, என் காதோரம் எப்படி வெளுத்துவிட்டது என்று பார்த்தாள். பிறகு ஒருநாள் மாலை வேலையிலிருந்து நேராகக் கடைக்குப் போய், தலைச்சாயம் ஒரு டப்பா எடுத்தாள். மேலே செம்பு நிறக் கூந்தலோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சமைக்க நேரமில்லாததால் உறைய வைத்த மந்திக் கொழுக்கட்டை ஒரு பாக்கெட். ராயிசா அன்று லீவு. வேறு வழியில்லை, குந்துஸின் வரிசையில் நின்றாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஜிபெக்கைப் பார்த்த இரண்டு தடவையும் அவள் வாயைத் திறக்கவில்லை. இன்றும் திறக்க மாட்டாள்.

பெல்ட் நகர்ந்தது. குந்துஸ் மந்திப் பாக்கெட்டை எடுத்தாள். இரு விரலால் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ன, மகளே?"

ஜிபெக் திடுக்கிட்டாள். "என்ன?"

"மகளேன்னேன். அத்தை கேக்கறேன், பதில் சொல்லு. எங்க வீட்டுப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாக்கெட் மந்தி போடறாளா? போரோன்சு தாத்தா கேட்டா குழியிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு."

"நேரமில்ல—"

"குறுக்கப் பேசாத. தங்கச்சியா இருந்தப்ப எனக்குக் கேலி பண்ணத்தான் உரிமை இருந்துது. இப்ப திட்டறதுக்கே உரிமை இருக்கு. நீயே குடுத்தது." குந்துஸ் பாக்கெட்டைத் தட்டினாள், கல் மாதிரி சத்தம் வந்தது. "மாப்பிள்ளை ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவருன்னு அவரையும் ஃப்ரீசர்லயே வெச்சிருக்கியா? ரெண்டு வாரமா ரோட்டுல பாக்கறேன், ஆளு வெறைச்சுப் போய் நடக்கறாரு."

ஜிபெக்கின் நாக்கில் நூறு பதில் வந்தது. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அப்பாவின் தங்கையை எதிர்த்துப் பேசுகிறவள் இந்த ஊரில் தலை நிமிர முடியாது. அந்த உயரத்தில் அவளைத் தூக்கி உட்கார வைத்தது தானேதான்.

குந்துஸ் சாய டப்பாவை எடுத்தாள். பில் போடாமல் தன் பின்னால் வைத்துவிட்டாள்.

"அது வேணும் எனக்கு."

"வேணாம். நரை மேல செம்பு நிறம் போட்டா கேரட் நிறத்துலதான் பிடிக்கும். அந்த முடிக்குள்ள கறுப்பு இல்ல, சாயத்தை அடக்கறதுக்கு. போன மாசம் டீச்சர் வாங்கிட்டுப் போனா, இப்ப தொப்பியைக் கழட்டாம பாடம் நடத்தறா. அடர் பழுப்பு வாங்கு, மூணாவது அடுக்கு. போ, எடுத்துட்டு வா, நிக்கறாங்கல்ல." பிறகு, முன்னால் நிற்கிற நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு சொன்னாள்: "என் வயசு வந்தா உனக்கே எல்லாம் புரியும்."

ஜிபெக் போய் அடர் பழுப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை மேசையில் போட்டாள். எர்மெக் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"இனிமே அந்தக் கடைக்கு நான் போக மாட்டேன்! அந்த வாய்க்கொழுப்பு பிடிச்சவ என்ன சொன்னா தெரியுமா? 'இது என்ன, மகளே?'ங்கறா. மகளே! என்னை!" கோபத்தில் அவளுக்குத் தெரியாமலேயே குந்துஸின் குரல் வந்துவிட்டது, அந்தப் புருவமும் வந்துவிட்டது. மந்திப் பாக்கெட்டை இரு விரலால் தூக்கி விளக்கடியில் பிடித்துக் காட்டினாள். "'போரோன்சு தாத்தா குழியிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு'ன்னா. அத்தனை பேர் நிக்கறாங்க. கடைசியில என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'என் வயசு வந்தா உனக்கே எல்லாம் புரியும்'னு—"

எர்மெக்குக்குப் புரை ஏறியது. கிண்ணத்தைக் கீழே வைத்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது. மேசையில் கையை ஊன்றிக்கொண்டான். அந்தக் கனைப்பு வந்தது, இங்கே, இந்த அடுப்படியில், ஒன்றுக்கு இரண்டாக.

ஜிபெக் பாக்கெட்டைப் பிடித்தபடி நின்றாள். இருபது அடி தள்ளித் தேயிலை அடுக்கின் பின்னாலிருந்து கேட்டது இப்போது எதிரிலேயே இருந்தது.

"வேற என்ன சொன்னா?" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சொன்னா. அவ சொன்னா. சுருக்கென்றது. இந்தச் சிரிப்பும் அவளுடையதுதான். நான் சுமந்து வந்து கொடுத்திருக்கிறேன், ரொட்டி வாங்கி வந்து கொடுப்பதுபோல. குந்துஸ் வேறொன்றும் சொல்லவில்லை. அப்படியே சொல்லிவிட்டால் அவன் போனை எடுத்துவிடுவான்.

"வேறயா?" ஜிபெக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புருவத்தைத் தூக்கினாள். "நான் கிளம்பறப்ப கையைப் பிடிச்சுக்கிட்டா. 'மகளே, என் பொழப்பைப் பாரு. இருபத்தாறு வயசுல மாப்பிள்ளை கிடைச்சுட்டான், புருஷன்தான் இன்னும் கிடைக்கல'ன்னு அழுதா."

எர்மெக் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். கிண்ணம் அதிர்ந்தது. அவன் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க அவளால் முடியவில்லை.

"அது அவ சொல்லல" என்றாள்.

"தெரியும்." அவன் குரல் மேசைக்குள்ளிருந்து வந்தது. "அவளுக்கு இவ்வளவு விஷம் கிடையாது."

ஜிபெக் அவன் கிண்ணத்தை எடுத்துத் தேநீர் ஊற்றினாள். நீட்டினாள். ஆனால் அவன் கைக்கு விடவில்லை.

"அவளைவிட ஜாஸ்தியா?"

எர்மெக் தலையைத் தூக்கினான். முகம் முழுக்க ஈரமாக இருந்தது.

"அவளைவிட" என்றான். "எவ்வளவோ ஜாஸ்தி."

அவள் கிண்ணத்தை விட்டாள்.